இரண்டு நட்சத்திரம், ஒரு கேள்வி

புதன்கிழமை சாயங்காலம் டீனா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ஷூவைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து, "அக்கா, உன் கதைக்கு நான் ரெண்டு ஸ்டாரும் ஒரு கேள்வியும் போடணும். நாளைக்குள்ள" என்றாள். நான் மாம்பழ நிறப் பட்டுப் புடவை ஒன்றின் முந்தானைக்குக் குச்சு கட்டிக்கொண்டிருந்தேன். முந்தானையை ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டு இழுத்து நிறுத்தி, இழைகளைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, மணி கோத்து முடிச்சுப் போடும் வேலை. கம்மனஹள்ளியில் கடை வைத்திருக்கும் ஸ்வர்ணா அக்கா வாரத்துக்கு நாலைந்து புடவை கொடுத்தனுப்புவார். பல்லுக்கிடையில் நூல் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. நூல்தான் காரணம் என்று டீனா நினைத்திருப்பாள்.

நூலைத் துப்பிவிட்டு, "எந்தக் கதை?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"அப்பா கதைதான். மௌரீன் மிஸ் புரொஜெக்டர்ல போட்டாங்க. மாடல் போஸ்ட்டாம். சிந்தியா எஸ்.னு மட்டும்தான் பேரு இருந்துச்சு, கிளாஸ்ல யாருக்கும் தெரியல. மிஸ் மட்டும் என்னப் பாத்து சிரிச்சாங்க." ஒரு ஷூவைக் கழற்றினாள். "அப்புறம், சனிக்கிழம ஓபன் டேக்கு அப்பாவக் கண்டிப்பா கூட்டினு வரணுமாம். நான்தான் அத மைக்ல படிக்கணுமாம். அப்பாவுக்கு சர்ப்ரைஸாம்."

கையிலிருந்த மணி நழுவி, கட்டிலுக்கடியில் உருண்டு போனது.

"நீ இன்னா சொன்ன?"

"தலையாட்டினேன். நாப்பது பேரு பாத்துனு இருக்கும்போது வேற இன்னா பண்றது?" அடுத்த ஷூவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, போஸ்ட்டுல தேதி பாத்தேன். அப்பா வேலைய விட்டு நின்னதுக்கு மூணு வாரம் முன்னாடி. அதனாலதானா?"

நான் கட்டிலுக்கடியில் குனிந்து மணியைத் தேடினேன். தேவைக்கு மேல் நேரம் தேடினேன். நிமிர்ந்தபோது டீனா பதிலை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள்.

மௌரீன் மிஸ் அந்த வலைப்பதிவை ஆரம்பித்தது கொரோனா காலத்தில். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் விடவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லோரும் ஆங்கிலத்தில் ஒரு பதிவு எழுதவேண்டும். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு கீழே கருத்துப் போடவேண்டும். கருத்துக்கு ஒரு விதி உண்டு: இரண்டு நட்சத்திரம், ஒரு கேள்வி. நட்சத்திரம் என்றால் பாராட்டு. வெறும் 'நைஸ்', 'சூப்பர்' என்று எழுதினால் செல்லாது. எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று எழுதவேண்டும். பிறகு, எழுதியவரை இன்னும் எழுதத் தூண்டுவதுபோல் ஒரு கேள்வி. அத்தனை கேள்விகளுக்கும் பதில் எழுதினால்தான் எழுதியவருக்கு முழு மதிப்பெண். "வாயத் திறக்காத பிள்ளைங்களுக்காகத்தான் நான் இத ஆரம்பிச்சேன்" என்று மிஸ் என்னைப் பார்த்துச் சொல்வார். நான் அந்த வகுப்பில் வாய் திறந்து பேசியது 'பிரசன்ட் மிஸ்' மட்டும்தான். அதனால் நம்பினேன். எனக்காகவே ஒருவர் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய நோட்டுகளின் பின்பக்கங்களில் நான் தமிழில் எழுதுவது யாருக்கும் தெரியாது. தையல் துணிப் பைக்குள், பிளவுஸ் துண்டுகளுக்கு அடியில் வைத்திருப்பேன். அன்றைக்கு அப்பாவைப் பற்றி எழுதியதையும் முதலில் அங்கேதான் எழுதினேன். பிறகு அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் மாற்றினேன். 'அப்பாவும் சர்க்குலரும்' என்று தலைப்பு வைத்தேன். மிஸ் அதை 'தி மேன் ஹூ லிசன்ஸ்' என்று மாற்றினார். வேறு எதையும் தொடவில்லை. ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை என்று வகுப்பில் சொன்னபோது எனக்குக் காது சுட்டது.

அப்பா, சவரிராஜ், அதே பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர். ஆபீசிலிருந்து சர்க்குலர் வந்தால், அந்த நீளப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போவார். டீச்சர் வாங்கிச் சத்தமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அப்பாவுக்கு எண்கள் தெரியும். எழுத்து தெரியாது. எந்த மொழியிலும் தெரியாது. ஆனால் காதால் கேட்ட எதையும் அவர் மறந்ததில்லை. அதனால் முதலில் போகும் வகுப்பின் கதவோரம் நின்று, ஒவ்வொரு முறையும், "ஸ்வல்ப சத்தமா படிங்க மிஸ், பின்னாடி பிள்ளைங்களுக்குக் கேக்கல" என்பார். அவர் தமிழில் பாதி கன்னடம் கிடக்கும். மிஸ் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படிப்பார். அவ்வளவுதான். ஆங்கிலமோ கன்னடமோ, சர்க்குலர் முழுதும் அவருக்குள் போய்விடும். அப்புறம் நடைபாதையில் யார் நிறுத்தி, "என்ன சவரி, எதப் பத்தி?" என்று கேட்டாலும், தேதி, கிழமை, கீழே இருக்கும் 'பை ஆர்டர்' வரை அப்படியே ஒப்பிப்பார். பதினான்கு வருடம் பள்ளிக்கூடமே அவர் படித்துத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த காகிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். அப்போதும் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டுதான் கேட்பார். உட்கார்ந்தால் காது சரியாக வேலை செய்யாதாம்.

இதைத்தான் எழுதினேன். பெருமையாகத்தான் எழுதினேன். அவரைப்போல் ஒரு காது உலகத்தில் யாருக்கும் இல்லை என்று முடித்திருந்தேன்.

முப்பத்தெட்டுப் பேர் எழுபத்தாறு நட்சத்திரம் போட்டார்கள். முப்பத்தெட்டுக் கேள்வி கேட்டார்கள். உங்கள் அப்பா மருந்துக் கடையில் எப்படி மாத்திரை வாங்குவார்? உன் பிராக்ரஸ் கார்டில் அவர் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்? அவர் யாரிடமாவது மாட்டிக்கொண்டது உண்டா? அவருக்கு வெட்கமாக இருக்குமா? பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். ஒருவர் கேட்டதை இன்னொருவர் கேட்கக் கூடாது. நல்ல கேள்விகள் சீக்கிரம் தீர்ந்துபோகும். அப்புறம் வருகிறவர்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே கையை விட்டுத்தான் எடுக்கவேண்டும். கடைசிப் பெஞ்சு டெஸ்மண்ட் முப்பத்தெட்டாவது ஆள். அவன் கேட்டான்: நீ இதை எழுதியது உன் அப்பாவுக்குத் தெரியுமா?

நான் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. எனக்குப் பாதி மதிப்பெண்தான் வந்தது.

மிஸ் அந்தப் பதிவை, இதயம் இதயமாகப் போட்டு, பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் பகிர்ந்தார். நிறையப் பேர் கைகூப்பினார்கள். ஒரு அப்பா மட்டும் கேட்டாராம்: பள்ளியில் தீப்பிடித்து அவசர அறிவிப்பு வந்தால் எழுத்தே தெரியாத ஆளா அதைக் கொண்டு போவார்? எங்கள் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? அதற்குப் பிறகு ஆபீசில் அப்பாவின் ஃபைலை எடுத்துப் பார்த்தார்கள். வேலைக்குச் சேர்த்துவிட்டவர் யாரோ விண்ணப்பத்தில் 'ஏழாம் வகுப்பு' என்று எழுதியிருந்தார். சர்டிஃபிகேட்டை ஃபைலில் தேடினார்கள். இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நகலை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள். அதை யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. அந்த அறையில், 'ஸ்வல்ப சத்தமா' என்று கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அதை என்னிடம் நீட்டினார். கதவோரம் போய் நின்றார். நான் முதலில் மனசுக்குள் படித்தேன். 'தங்கள் மகளின் வலைப்பதிவின் மூலம் நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்த தகவல்களின் அடிப்படையில், தாங்களாகவே பணியிலிருந்து விலக முன்வந்ததை நிர்வாகம் வருத்தத்துடன் ஏற்றுக்கொள்கிறது.' ஆங்கிலத்தில் அது இன்னும் சுத்தமாக, இஸ்திரி போட்டது மாதிரி இருந்தது.

"இன்னாமா? படி."

எனக்கு அப்போது பதினாலு வயது. நான் படித்தேன்: "ஆட்குறைப்பு காரணமாக, பதினான்கு வருட நேர்மையான சேவைக்கு நன்றி கூறி, விடை கொடுக்கிறோம்."

ஒரு தடவைதான் சொன்னேன். அவருக்கு ஒரு தடவை போதும். மூன்று வருடமாக அவர் அதை அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறார். கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது கேட்பவர்களிடம், இப்போது தொம்மலூரில் கார் பார்க்கிங்கில் டோக்கன் கொடுக்கும் இடத்தில், மாமா வீட்டு விசேஷத்தில். "ஆட்குறைப்பு காரணமாக. இன்னா பண்றது? ஆனா லெட்டர்ல எழுதினாங்கய்யா, பதினான்கு வருட நேர்மையான சேவைன்னு." சொல்லும்போது அவர் தோள் கொஞ்சம் நிமிரும். நான் குச்சு முடிச்சைப் பல்லால் இறுக்குவேன்.

அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். அம்மா வேலை செய்யும் கார்மென்ட்ஸில் யாரோ பள்ளிக்கூடத்து வாட்ஸப்பைக் காட்டியிருக்கிறார்கள். அம்மா என்னை அடிக்கவில்லை. "அவருக்குத் தெரியக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். ஸ்டாஃப் பிள்ளைகளுக்கான சலுகை போயிற்று. மனிதாபிமான அடிப்படையில் ஒரு பிள்ளைக்கு மட்டும் தொடரலாம் என்று நிர்வாகம் சொன்னது. இரண்டு பிள்ளைகளில் எது என்று எங்கள் வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த திங்கட்கிழமை நான் எழுந்து யூனிஃபார்ம் போடவில்லை, அவ்வளவுதான். டீனா அப்போது ஆறாம் வகுப்பு.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். மூன்று வருடமாக அந்தப் பத்து நிமிடத்தைச் சுற்றிக்கொண்டு வேறு தெருவழியாகத்தான் கடைக்குப் போகிறேன். கேட்டில் ஒரு அக்கா சர்க்குலர் புத்தகத்தை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார்.

மௌரீன் மிஸ் ஸ்டாஃப் ரூமில் டிஃபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சிந்தியா! மை காட், எவ்ளோ உயரமாயிட்ட! சாப்டியாமா?"

வழி முழுதும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்களெல்லாம் காணாமல் போயின. "மிஸ், அந்தப் போஸ்ட்ட எடுத்துடுங்க" என்றேன்.

"எதுக்குமா?"

"சனிக்கிழம அப்பா வருவாரு."

"அதுக்குத்தானே! ஹி மஸ்ட் ஹியர் இட். மூணு வருஷமா எத்தன பிள்ளைங்க அதப் படிச்சிட்டு அழுதிருக்காங்க தெரியுமா? மைசூர்ல டீச்சர்ஸுக்கு ஒர்க்‌ஷாப் எடுத்தேன், பிளாகிங் வச்சி எப்படி ரைட்டிங் சொல்லித் தரலாம்னு. அங்ககூட உன் போஸ்ட்டத்தான் காட்டினேன். ஹால்ல பின் டிராப் சைலன்ஸ். அது இப்ப உன்னோடது மட்டும் இல்ல சிந்தியா."

அப்போது யாருடையது? இதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது வீட்டுக்குத் திரும்பி, செருப்பைக் கழற்றும்போதுதான். அங்கே வேறொன்று கேட்டேன். "அப்பாவுக்கு எதுனால வேல போச்சுன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல மிஸ்?" மிஸ்ஸின் முன்னால் என் வாயிலிருந்து வந்த வாக்கியங்களிலேயே நீளமானது அதுதான்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "அது மேனேஜ்மென்ட் முடிவுமா. நான் என்ன பண்ண முடியும்? அன்னைக்கு நான் இதே சேர்ல உக்காந்து அழுதேன். யார வேணா கேட்டுப் பாரு, எல்லாருக்கும் தெரியும்."

அவர் அழுதது எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் அழவில்லை. அழுதால் ஏன் என்று அப்பா கேட்பார்.

"என்னாலதான்னு அப்பாவுக்குத் தெரியாது மிஸ்."

மிஸ் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நல்லவர் அவர், அந்த முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. வருத்தத்துக்குப் பின்னால் ஒரு வெளிச்சமும் வந்தது. வகுப்பில் யாராவது நல்ல கேள்வி கேட்டால் வருமே, அதே வெளிச்சம். "அப்போ இதுதான்மா சரியான நேரம்" என்றார். "பாரு, அவர் பொண்ணு எழுதினது, இன்னொரு பொண்ணு படிக்குது, அவர் கேக்கறாரு. நேர்மையா இருக்கறதுதான் ரைட்டிங். உனக்கு நான் சொல்லிக் குடுத்தது அதானே? அவருக்கு எவ்ளோ பெருமையா இருக்கும்!" மணி அடித்தது. என் தோளில் கை வைத்து, "நீ மறுபடியும் எழுதணும். உன் லாகின் அப்படியேதான் இருக்கு. என் பிள்ளைங்க எதையும் நான் அழிக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

நேர்மை. அந்தச் சொல்லை அப்பாவின் கடிதத்தில் நானாகத்தான் சேர்த்தேன். அதில் அது இல்லவே இல்லை. இந்தப் பள்ளிக்கூடம் எங்கள் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்த எதிலும் அந்தச் சொல் இல்லை. ஆனால் எழுதச் சொல்லும்போது மட்டும் எங்களிடம் அதைத்தான் கேட்கிறார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகள் நேர்மையாக ஊட்டிக்குப் போனதை எழுதினார்கள், நாய்க்குட்டி வாங்கியதை எழுதினார்கள். அவர்களிடம் நாய்க்குட்டியின் பெயரைக் கேட்டார்கள். நான் நேர்மையாக எழுதினேன், என் அப்பாவின் ஃபைலைத் திறந்தார்கள். யார் நேர்மைக்கு என்ன கேள்வி வரும் என்று ஒரு டீச்சருக்குத் தெரியாமல் இருக்குமா? பதினைந்து வருடம் பிள்ளைகளைப் பார்த்தவருக்கு? தெரியாவிட்டால் அது ஒரு குற்றம். தெரிந்திருந்தால் வேறு குற்றம்.

அன்று சாயங்காலம் டீனாவின் போனை வாங்கி லாகின் செய்தேன். ரோல் நம்பரும் பிறந்த வருடமும்தான் கடவுச்சொல். எல்லாருக்கும் அதே மாதிரிதான், மிஸ்ஸே போட்டுக் கொடுத்தது. திறந்துவிட்டது. கருத்துகளைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். என் வகுப்பின் முப்பத்தெட்டுக்குக் கீழே அடுத்த வருடத்தினர் நாற்பத்தொரு பேர். அதற்குக் கீழே அதற்கடுத்த வருடத்தினர் நாற்பது பேர். என்னை யாரென்றே தெரியாத பிள்ளைகள். உங்கள் தந்தை இப்போது படிக்கக் கற்றுக்கொண்டாரா? எழுத்தாளர் இப்போது எந்தக் கல்லூரியில் படிக்கிறார்? இந்த வருடத்தினர் அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். ஆறாவதாக டீனாவின் பெயர் இருந்தது. நட்சத்திரம் ஒன்று: எழுதியவர் தன் அப்பாவை நேசிக்கிறார். நட்சத்திரம் இரண்டு: எழுதியவரை அவர் தங்கை நேசிக்கிறாள். கேள்வி: கேட்க மாட்டேன்.

நூற்று இருபத்தைந்து பேரில் கேட்காமல் விட்டவள் அவள் ஒருத்திதான். அதற்கு அவளுக்கு மதிப்பெண் குறையும்.

அழிப்பதற்கு ஒரு குப்பைத்தொட்டிப் படம் இருந்தது. விரலை அதன்மேல் வைத்தேன். அழித்தால் என்ன ஆகும்? மிஸ்ஸிடம் மைசூரில் காட்டிய பிரதி இருக்கும். சனிக்கிழமை அதை அச்செடுத்து டீனா கையில் கொடுப்பார். அதைவிட எனக்குப் பொறுக்காதது ஒன்று இருந்தது. அழித்தால் நடந்ததும் அழிந்துபோகும். எழுதியதுதான் தப்பு என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. பொய் நான் படித்ததில்தான் இருந்தது.

தையல் துணிப் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அதற்குள் அந்தக் கடிதம், நாலாக மடித்தபடி. திருத்துவதற்கான பென்சில் படத்தை அழுத்தி, என் பழைய பதிவில் ஒரு வரியையும் தொடாமல், அந்தக் கடிதத்தை அதன் கீழே வார்த்தை மாறாமல் ஆங்கிலத்தில் தட்டினேன். தேதி, முகவரி, 'வருத்தத்துடன்' எல்லாம். கடைசியில், விதிப்படி, நான் என் கருத்தைப் போட்டேன். நட்சத்திரம் ஒன்று: கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. நட்சத்திரம் இரண்டு: 'தாங்களாகவே' என்ற சொல் மிக அழகாக வந்திருக்கிறது. கேள்வி: கையெழுத்து வாங்கும் முன் இதை அவருக்கு யார் படித்துக் காட்டினார்கள்?

தலைப்பையும் மாற்றவில்லை. மிஸ் வைத்தது அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

ஆனால் அது அப்பாவுக்கும் மைக்கில்தான் கேட்கும். சனிக்கிழமை நிரம்பிய ஹாலில், டீனாவின் குரலில். நான் செய்ததன் அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமை காலையில்தான் முழுசாக எனக்கு உறைத்தது. அப்பா விடியற்காலையிலேயே தொம்மலூருக்கு பஸ் பிடித்துப் போயிருந்தார். போகும்முன் தன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருந்தார். மூன்று வருடம் கழித்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் பெற்றோராகப் போகப்போகிறார், நாற்காலியில் உட்காரப்போகிறார் என்று முந்தின நாளெல்லாம் அதே பேச்சு. "டீனா மைக்ல படிக்கப்போவுதாம்ல? நான் மொத வரிசைல உக்காருவேன், இன்னா?"

கடிதம் வெளியே கிடப்பதை அம்மா பார்த்துவிட்டாள். கார்மென்ட்ஸ் டெம்போ வரும் நேரம், தலைமுடியை வாரிக்கொண்டே நின்றாள். "எதுக்குடி இத வெளிய எடுத்த?"

"அப்பாவுக்குப் படிக்கப்போறேன்."

"பைத்தியமா உனக்கு? நேர்மையான சேவை, நேர்மையான சேவைன்னு சொல்லிக்கினு திரியறாரு மனுஷன். அவருகிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான். அதையும் புடுங்கப்போறியா?"

"மிஸ் அத மைக் வச்சி புடுங்கப்போறாங்கம்மா. அதுக்கு நான் வீட்லயே புடுங்கறேன்."

"எல்லாம் உன் எழுத்தால வந்தது."

"இல்லம்மா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எழுதினதால வரல. அவங்க படிச்சதால வந்தது."

தெருமுனையில் டெம்போ ஹார்ன் அடித்தது. அம்மா சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள். மறுபடியும் ஹார்ன். சீப்பை உருவி என் மடியில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அன்றைக்கு முழுதும் மாம்பழப் புடவையின் ஒரு பக்கத்தைக்கூட என்னால் முடிக்க முடியவில்லை. முடிச்சுகள் ஒன்று தளர்ந்தும் ஒன்று இறுகியும் வந்தன. பிரித்துப் பிரித்துக் கட்டினேன். சாயங்காலம் அப்பா வந்தார். செக்யூரிட்டி தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு டீ குடித்தார். டீனா மூலையில் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள், பக்கத்தைத் திருப்பவில்லை.

"அப்பா, ஒரு லெட்டர் படிக்கணும்."

"யாரு போட்டது?"

"பழசுதான். ஸ்கூல்ல குடுத்தது."

"அதான் தெரியுமே கண்ணு." டம்ளரைக் கீழே வைத்தார். அவர் உதடு தானாக அசைந்தது. "ஆட்குறைப்பு காரணமாக, பதினான்கு வருட..."

"அது அதுல இல்லப்பா. நான் அன்னைக்கு சரியாப் படிக்கல."

அப்பா என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு டீனாவைப் பார்த்தார். டீனா தலையைத் தூக்கவில்லை. அவர் தொப்பியைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, கதவோரம் போய் நின்றார். ஒரு கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டார். அங்கே புத்தகம் எதுவும் இல்லை.

நான் ஆங்கிலத்தில் ஒரு முறை படித்தேன். அப்புறம் தமிழில். 'தங்கள் மகளின்' என்ற இடம் வந்தபோது என் குரல் உள்ளே போய்விட்டது. வகுப்பில் 'பிரசன்ட் மிஸ்' சொல்லும்போது எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிட்டது. ஆனாலும் முடித்தேன். கீழே இருந்த 'பை ஆர்டர்' வரை படித்தேன்.

வெளியே பால் வண்டி போன சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு குக்கர் ஒரு விசில் விட்டு அடங்கியது. அப்பா அசையவில்லை. அவர் கண் என்மேல் இல்லை. எங்கோ எனக்குப் பின்னால், பள்ளிக்கூடத்துச் சுவரில் கரும்பலகை இருக்கும் உயரத்தில் இருந்தது.

"ஸ்வல்ப சத்தமா படி" என்றார். "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

எனக்குப் பின்னால் யாரும் இல்லை. டீனா இருந்தாள், அவளுக்கு அப்பால் சுவர். ஜன்னல் கம்பியில் அந்தப் புடவை தொங்கியது. கட்டிய குச்சுகளும் கட்டாத நூல்களுமாக அதன் ஓரம் காற்றில் ஆடியது. நான் காகிதத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேதியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். தெருவுக்குக் கேட்கிற மாதிரி.